யாரும் சாகாத நாவல்

ஒருத்தர்கூடச் சாகாத நாவல் ஒன்று வேண்டும் என்று தேடிப் பாருங்கள். அப்போது தெரியும் எழுதுகிறவர்களின் லட்சணம். கல்யாணக் கதை என்று எடுத்தால் தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வருகிறது. துப்பறியும் கதைக்கு முதல் பக்கத்திலேயே பிணம் வேண்டும். விவசாயியைப் பற்றி எழுதினால் முதலில் மாடு சாகிறது, அப்புறம் மழை பொய்க்கிறது, கடைசியில் விவசாயியே போய்விடுகிறார். பரிசு வாங்கிய நாவல் ஒன்றில் ஊரே காலி. சரி, சின்னப் பிள்ளைகளுக்கு எழுதியதையாவது பார்ப்போம் என்று எடுத்தால் அதில் ஓர் அணில்குட்டி கிணற்றில் விழுந்து செத்துத் தொலைக்கிறது. அணிலைக்கூட விட மனசில்லாத ஜென்மங்கள் என்று திட்டிக்கொண்டே அந்தப் புத்தகத்தை மேஜையில் ஓங்கி அடித்தேன்.

இவ்வளவு தேடலும் மணியக்காவுக்காக. மணிமேகலை என்பது முழுப்பெயர். ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலை. அவளுடைய ஒரே பெண் சுபத்ரா. செய்யாறு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவே இல்லை. மாப்பிள்ளை பார்க்கலாமா, இன்னும் ஒரு வருஷம் போகட்டுமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மணியக்கா இப்போதும் அதே கடையில் நின்று, பெண்ணைக் கூட்டிக்கொண்டு முகூர்த்தப் புடவை எடுக்க வருகிற அம்மாக்களுக்குப் புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

எங்களுக்கு வாசகர் வட்டம் என்றெல்லாம் பெயர் கிடையாது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என்னுடைய ஜெராக்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாலு பேரும் உட்காருவோம். சேவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் தனக்கோடியக்கா வருவாள். வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது, புருஷன் நெய்ய, இவள் சமையல் முடித்த கையோடு புத்தகத்தை எடுத்துவிடுவாள். எந்த நாவலானாலும் கடைசி அத்தியாயத்தை முதலில் படிக்கிற ரகம். கண்ணகி எங்களில் சின்னவள், செய்யாறில் ஷூ கம்பெனியில் வேலை. சுபத்ரா இருந்தது வேறு கம்பெனி. கண்ணகி போகும்போதும் வரும்போதும் கம்பெனி பஸ்ஸில் போனில் படிப்பாள். கதாநாயகன் என்ன அயோக்கியத்தனம் செய்தாலும் மன்னித்துவிடுவாள். மணியக்கா நிதானமாகப் படிப்பாள். கதையில் வருகிற புடவையெல்லாம் அவள் கண்ணில் படாமல் தப்பாது. சித்திரை வெயிலில் ஒரு பொம்பளை கனத்த பட்டைக் கட்டிக்கொண்டு குடத்தில் தண்ணீர் தூக்குகிறாளாமே, எழுதினவன் வீட்டில் பொம்பளைகளே கிடையாதா என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைப்பாள்.

எனக்கு ஒரே ஒரு சட்டம். 'நல்லா இருந்துச்சு' என்று மட்டும் சொல்லக் கூடாது. எது நன்றாக இருந்தது, எது குப்பை, யார்மேல் கோபம் வந்தது, எந்த இடத்தில் தூங்கிப் போனாய், அதைச் சொல். ஒரு தடவை ஒரு பெண் புருஷனை விட்டுப் போனது சரியா தப்பா என்று பேச ஆரம்பித்து, தனக்கோடியக்காவும் கண்ணகியும் அடுத்த ஞாயிறு வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்ட சந்தோஷம் எங்களுக்கு வேறு எதில் இருந்தது?

சுபத்ரா போனதிலிருந்து மணியக்கா வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. எந்த வாயால் கூப்பிடுவது? மார்கழியில் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் தனக்கோடியக்காவைப் பார்த்து, தை பிறந்ததும் வருகிறேன், என்ன புத்தகம் என்று சொல், படித்துவிட்டு வருகிறேன் என்றாளாம். தனக்கோடியக்கா அதை எங்களிடம் சொல்லும்போதே அழுதுவிட்டாள். வேலை, வீடு என்று இரண்டைத் தவிர மணியக்கா வேறெங்கும் போவதில்லை. எங்களிடம்தான் வரப் பார்க்கிறாள். இப்போது கையில் தப்பான புத்தகத்தைக் கொடுத்தோமானால், பாதியில் மூடி வைத்துவிட்டு, இனி ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். எங்கள் மூன்று பேருக்கும் அதே பயம்.

அதனால்தான் அந்தத் தேடல். புத்தகம் மட்டுமில்லை, எங்கள் வாய்க்கும் பூட்டுப் போட்டுக்கொண்டோம். காய்ச்சல், ஆஸ்பத்திரி, கல்யாணம், இதெல்லாம் பேச்சில் வரக் கூடாது. கம்பெனி பஸ் என்ற வார்த்தையே எடுக்காதே என்று கண்ணகியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். சுபத்ரா என்ற பெயர் யார் வாயிலும் வரவே கூடாது. மூன்று பேரும் ஒப்புக்கொண்டோம்.

கடைசியில் கண்ணகிதான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். புதுசாக எழுத வந்த ஒரு பெண் எழுதிய சிரிப்பு நாவல். பதினோரு பேர் இருக்கிற வீட்டில் ஒரே ஒரு பாத்ரூம். காலையில் யார் முதலில் போவது என்பதில் ஆரம்பித்து, பக்கெட்டை வரிசையில் வைத்து இடம் பிடிப்பது, உள்ளே போய் ஒருத்தர் பாட்டுப் பாடுவது, மருமகனுக்கு மட்டும் தனிச் சலுகை கொடுத்ததற்கு நாத்தனார் சாப்பிடாமல் இருப்பது என்று கதை முழுக்க அதுதான். பாத்ரூம் கதை என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டோம். தனக்கோடியக்கா வழக்கம்போலக் கடைசி அத்தியாயத்தைப் படித்துப் பார்த்து, எல்லாரும் உசுரோட கீறாங்கடி என்று போன் செய்தாள். நான் உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். நடுவில் பார்த்தால், பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருத்தர் செத்துப் போகிறார்.

ஒரே ஒரு தாள். முன்பக்கத்தில் கிழவர் போகிறார், பின்பக்கத்தில் பதினோரு பேரும் கும்பலாகப் போய் எட்டிப் பார்த்து அழுதுவிட்டு வருகிறார்கள். அதோடு சரி, அதற்கப்புறம் அந்தக் கிழவர் பேச்சே கிடையாது. வேறு புத்தகம் தேட நேரமும் இல்லை. என்ன செய்யலாம் என்று கேட்டதற்குத் தனக்கோடியக்கா, அந்தத் தாளை எடுத்துட்டா இன்னா ஆயிடும் என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரும்பு ஸ்கேலை வைத்து, பிளேடால், தையல் ஓரமாக, கிழித்ததே தெரியாதபடி எடுத்தேன். முந்தின பக்கமும் முற்றுப்புள்ளியில் முடிந்திருந்தது. பக்க எண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்? பேப்பர் வேலையில் எனக்குக் கை சுத்தம், பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் புத்தகத்தைத்தான் மணியக்காவுக்குக் கொடுத்தனுப்பினோம்.

தை இரண்டாவது ஞாயிறு மணியக்கா வந்தாள். இளைத்திருந்தாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்து, அவள் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் டீயைப் பற்றிப் பேசினோம்.

கண்ணகி ஆரம்பித்தாள். பாத்ரூமுக்குள் பாட்டுப் பாடுகிற சித்தப்பாவை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். அவர் வேலைக்குப் போகாததை மட்டும் எல்லாரும் குத்திக் காட்டுகிறார்கள், பாவம் என்றாள். தனக்கோடியக்கா, ஆமாம்மா, உனக்கு எந்தத் தடிமாடானாலும் பாவம்தான் என்றாள். நான், நாத்தனார் சாப்பிடாமல் இருந்த இடம் இழுவை, நாலு பக்கத்தில் முடித்திருக்கலாம் என்றேன். மணியக்கா லேசாகச் சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. கிழித்தது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவள் முறை. நன்றாகச் சிரித்தேன் என்றாள். அந்தப் பக்கெட் வரிசையைப் படித்தபோது கடையில் இருக்கிற நினைப்பே இல்லாமல் சிரித்ததில் முதலாளி திரும்பிப் பார்த்தாராம். எல்லாம் சரி, ஒரு இடம்தான் புரியவில்லை என்று புத்தகத்தைப் பிரித்தாள். எந்தப் பக்கம் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"இங்க பாரு. உச்சி வெயிலு. பதினோரு பேரும் தோட்டத்துல நின்னுகினு இருக்காங்க. எல்லார் தலையிலயும் தண்ணி சொட்டுது. ஊர்லேர்ந்து வந்த மருமகன் குளிக்கப் போனா தொட்டியில தண்ணி காலி, ஈரத் துணியோட நிக்கிறவங்கள்லாம் தும்முறாங்க. இது தீவாளியா? பொங்கலா? எதுக்கு எல்லாரும் ஒட்டுக்கா தலைக்கு ஊத்திகினாங்க?"

வெயிலுக்குக் குளித்திருப்பார்கள் என்று கண்ணகி முனகினாள்.

"கட்டின துணியோடயா?"

நான் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன். கத்தி வைத்தாற்போலச் சாவை மட்டும் எடுத்தேனே தவிர, சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் என்ன செய்வார்கள் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. கதையில் கிழவர் இல்லை. அவருக்காகக் குளித்தவர்கள் அப்படியே நிற்கிறார்கள்.

"யாரு செத்தாங்க அதுல?" என்றாள் மணியக்கா.

மேஜை டிராயரைத் திறந்து, கழிவுத் தாள்களுக்கு நடுவிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தேன். அவள் வெளிச்சத்துக்காக ஷட்டர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, முன்பக்கம் படித்தாள், திருப்பிப் பின்பக்கமும் படித்தாள். அவசரமே இல்லை. நாங்கள் மூன்று பேரும் பரீட்சை பேப்பரைக் கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி இருந்தோம்.

கிழவர், வயசானவர், தூக்கத்திலேயே போயிருக்கிறார், இதற்காகவா கிழித்தீர்கள் என்று கேட்டாள். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான்க்கா என்று தனக்கோடியக்கா ஆரம்பித்து, வயசில் மூத்தவள் தான்தான் என்பதே மறந்து, மணியக்காவை அக்கா என்று கூப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டாள்.

மணியக்கா தாளை மடித்துப் புத்தகத்துக்குள் அதனுடைய இடத்தில் வைத்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"அன்னிக்கு எங்க வூட்டுக்கு வந்துட்டு, நீங்களும் போயி குளிச்சீங்க இல்ல?"

குளித்தேன். பின்பக்கக் குழாயடியில் புடவையோடு உட்கார்ந்து, மாமியார் சொம்பு சொம்பாக மொண்டு ஊற்ற, தலையில் ஊற்றிக்கொண்டு, துணியை அங்கேயே அலசிப் போட்டுவிட்டு உள்ளே வந்து அடுப்பில் சோறு வைத்தேன். சேவூரில் தனக்கோடியக்காவும், தன் வீட்டில் கண்ணகியும் அதைத்தான் செய்திருப்பார்கள். குளிச்சோம்க்கா என்றேன்.

"குளிக்கணும். அது மொற. நானும் எத்தினி வூட்டுக்குப் போய்ட்டு வந்து குளிச்சிகீறேன். அத நான் தப்பு சொல்லல. ஆனா அதோட எம் பொண்ணையும் சேத்து தலமுழுகிட்டீங்களேடி."

எனக்கு அந்த வார்த்தை நெஞ்சில் இறங்கியது. சொத்துத் தகராறில் தம்பியைத் தலைமுழுகிவிட்டேன், ஓடிப்போன மகளைத் தலைமுழுகிவிட்டேன் என்று கடைக்குப் பத்திரம் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் தினமும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாங்கள் அந்தக் கூட்டமா? நாங்கள் அவளை நோகாமல் பார்த்துக்கொள்ளத்தானே இவ்வளவும் செய்தோம்? வாதாட வாயைத் திறந்தேன். ஆனால் அவள் சொன்னது நிஜம்.

அவள் நிறுத்தாமல் பேசினாள். வீட்டில் அவள் புருஷன் எல்லப்பன் மாமா முன்னால் பெயரை எடுத்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார், திரும்பி வர வெகுநேரம் ஆகிறது, அதனால் எடுப்பதில்லை. கடையில் முதலாளி எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். யாராவது தங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் பக்கத்தில் இருப்பவள் கிள்ளுகிறாள், இவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. சொந்தக்காரர்கள் வந்தால் வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள். இங்கே வந்தால் நீங்கள் பேசுவீர்கள் என்று நினைத்தேன், எதையும் பூசி மெழுகாமல் பேசுகிறவர்கள் நீங்கள்தானே என்றாள்.

"இத்தினி மாசமா அவ பேர நான் ஒருத்திதான் சொல்லிகினு இருக்கேன். அதுவும் பாத்ரூம்ல, தண்ணிய தொறந்து வுட்டுட்டு. சுபத்ரா, சுபத்ரான்னு கூப்டுவேன். வாய் மறந்துடக் கூடாது இல்ல."

தனக்கோடியக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கண்ணகி தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். அழ வேண்டாம் என்றாள் மணியக்கா. அழுவதற்கு வேறு இடம் இருக்கிறது, எனக்குத் தெரியாத ஏதாவது ஒன்று அவளைப் பற்றிச் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்ததை எல்லாம் நான் நினைத்து நினைத்துத் தேய்த்துவிட்டேன் என்றாள்.

தனக்கோடியக்கா மூக்கைச் சிந்திவிட்டு முதலில் சொன்னாள். ஒரு தடவை மணியக்கா புத்தகம் கொடுத்தனுப்பியபோது சுபத்ரா சேவூருக்கு வண்டியில் வந்தாளாம். தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து மிதித்துப் பார்த்து, இது எனக்கு ஆகாது சாமி என்று எழுந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாளாம். டம்ளரைக் கழுவினாளா, வீட்டில் ஒருநாளும் கழுவினதில்லையே என்று மணியக்கா நம்பாமல் கேட்டாள். கழுவினாள் என்றாள் தனக்கோடியக்கா.

கண்ணகி, செய்யாறு ரோட்டில் அவர்கள் பஸ்ஸை இவர்கள் பஸ் தாண்டும்போது ஒரு தடவை பார்த்திருக்கிறாள். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாளாம். கண்ணகி தட்டிக் கூப்பிடப் பார்ப்பதற்குள் பஸ் போய்விட்டது. ஷிப்டு முடிந்து வந்தால் அப்படித்தான் தூங்கும் என்றாள் மணியக்கா.

என் முறை வந்தது. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்.

கம்பெனியில் சேருவதற்காக சர்டிபிகேட்டெல்லாம் ஜெராக்ஸ் எடுக்க சுபத்ரா இங்கே வந்தாள். அன்றைக்கு மெஷினில் கோளாறு, ஆதார் கார்டு போட்டால் படம் கன்னங்கரேல் என்று விழுகிறது. அதை எடுத்துப் பார்த்து, ஆன்ட்டி, இதக் குடுத்தா கம்பெனியில வேற யாரையோ வேலைக்கு எடுத்துக்குவாங்க என்று சிரித்தாள். மெஷின் சூடு ஆறுகிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே என் முறுக்குப் பொட்டலத்தில் பாதியைத் தின்றாள். நல்ல காப்பி விழுந்ததும் மெஷினைத் தட்டிக் கொடுத்து, தாங்க்ஸ்பா என்றாள். என்னிடம் சொல்லவில்லை, மெஷினிடம்தான் சொன்னாள்.

மணியக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முறுக்கு தின்றதை வீட்டில் சொல்லவே இல்லை, திருடி என்றாள்.

"இன்னா துணி போட்டுனு இருந்தா?"

யோசித்தேன். கண்ணை மூடிக்கொண்டும் யோசித்தேன். ஸ்டூல் தெரிந்தது, ஆடுகிற கால் தெரிந்தது, துணி மட்டும் வரவில்லை. ஏதாவது ஒரு நிறத்தைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்ல முடியவில்லை. ஞாபகம் இல்லக்கா என்றேன்.

"பச்சையா இருக்கும். நல்ல காரியத்துக்கு அவ பச்சதான் போடுவா." பிறகு, "வேற?" என்றாள்.

"அவ்ளோதான்க்கா. எனக்கு வேற எதுவும் தெரியாது."

"வேற ஒண்ணுமே இல்லியா?"

இல்லை என்று தலையாட்டினேன். ஒரே ஊரில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறோம். எத்தனையோ தடவை என் கடை வாசலைத் தாண்டி வண்டியில் போயிருப்பாள். கதையில் வருகிறவர்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பேசின எனக்கு, இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல ஒரு மத்தியானத்துக்குமேல் இல்லை. அழுகை அப்போதுதான் வந்தது.

மணியக்கா ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தாள். அவள் கை சுட்டது.

"பரவால்ல துர்கா. அதையே இன்னொரு வாட்டி சொல்லு."

மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். சுபத்ரா பச்சை சுடிதார் போட்டுக்கினு கடைக்கு வந்தா என்றேன். ஆமாம் என்று மணியக்கா தலையாட்டினாள்.